‘ஸ்னாட்ச்’ என்றால் ‘பறி’ மட்டும்தானா?

கேள்வி கேட்டவர் மொழிபெயர்ப்பு வேலைக்குப் புதிது. ஓர் ஆங்கிலச் சிறுகதையில் ‘ஸ்னாட்ச்’ என்ற சொல் நான்கு இடங்களில் வந்து அவரைத் திணற அடித்திருக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் ஒரு பெண்ணின் பையை ஸ்னாட்ச் செய்கிறான். ரயிலில் ஒருவர் ஒரு மணி நேரத் தூக்கத்தை ஸ்னாட்ச் செய்கிறார். பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பழைய பாட்டின் ‘ஸ்னாட்ச்சஸ்’ கேட்கின்றன. கடைசியில் கதாநாயகி தன் கையையே ஸ்னாட்ச் செய்துகொள்கிறாள். அகராதியில் ‘பறி, பிடுங்கு’ என்று போட்டிருக்கிறது. நான்கிலும் அதையே எழுதிப் பார்த்தால் முதல் வாக்கியம் மட்டும்தான் தேறுகிறது, மற்ற மூன்றுக்கும் என்ன செய்வது என்கிறார்.

சென்னையில் நீதிமன்றக் காகிதங்களை அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்குமாக மொழிபெயர்த்தே என் காலம் போயிற்று. இந்தச் சொல்லோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் பாட்டி வடை சுட்ட கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பாட்டி அசந்த நேரம் பார்த்துக் காகம் வடையைக் கொத்திக்கொண்டு பறந்தது. அது ஸ்னாட்ச். நரி, காகத்தைப் பாடச் சொல்லிக் கீழே விழுந்த வடையை எடுத்துக்கொண்டு போனது. அது ஸ்னாட்ச் இல்லை. இரண்டும் அடுத்தவர் வடைதான், இரண்டும் அநியாயம்தான். ஆனால் நரிக்கு நேரம் இருந்தது. உட்கார்ந்து பேசியது, புகழ்ந்தது, காத்திருந்தது. காகத்துக்கு இருந்தது ஒரு கணம் மட்டுமே. ஸ்னாட்ச் என்ற சொல்லின் உயிர் அந்தக் கணத்தில் இருக்கிறது. எடுப்பது அதற்குப் பிறகுதான். நேரம் குறைவு என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தச் சொல்லின் பாதி அர்த்தங்கள் தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

தமிழில் ‘பறி’யிலும் ‘பிடுங்கு’விலும் அந்தக் கணம் கட்டாயம் இல்லை. பூ பறிக்கிறோம், ஆற அமரத்தான் பறிக்கிறோம். நாற்று பிடுங்குகிறார்கள், நாள் முழுக்கப் பிடுங்குகிறார்கள். பதவியைப் பறிக்க ஆறு மாதம் ஆகலாம். வேகத்தைச் சொல்ல வேண்டும் என்றால் தமிழ் அதை வினைக்கு வெளியே, ஓர் ஒலிக்குறிப்பில் வைக்கும்: வெடுக்கென்று பிடுங்கினான், லபக்கென்று கவ்வியது, சடக்கென்று இழுத்தாள், விருட்டென்று எடுத்துக்கொண்டு போனான். ஆங்கிலம் வினைக்குள்ளேயே அடைத்து வைத்திருப்பதைத் தமிழ் இப்படி இரண்டாகப் பிரித்துக்கொள்கிறது. அதனால் இதற்கு ஒற்றைத் தமிழ்ச் சொல் தேடி அலைய வேண்டாம். ‘வெடுக்கென்று’ உங்கள் கையில் இருக்கிறது, அதை எந்த வினையோடு சேர்ப்பது என்று யோசித்தால் போதும்.

சென்னையில் இந்தச் சொல்லை ஆங்கிலம் தெரியாதவர்களுக்கும் அறிமுகப்படுத்தியது செயின் ஸ்னாட்ச்சிங். பத்திரிகைகள் ‘செயின் பறிப்பு’, ‘நகை பறிப்பு’, இப்போது ‘செல்போன் பறிப்பு’ என்று எழுதுகின்றன. நல்ல மொழிபெயர்ப்புதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் நம் தெருப் பேச்சில் இருக்கும் துல்லியம் அதில் இல்லை. பர்ஸ் ‘அபேஸ்’ ஆயிற்று என்றால், பறிகொடுத்தவருக்கு அப்போது தெரியவே தெரியாது, வீட்டுக்கு வந்து பையைத் துழாவும்போதுதான் தெரியும். ‘ஆட்டையைப் போட்டான்’, ‘சுட்டுட்டான்’ எல்லாம் பொதுவான திருட்டு, எப்படி எடுத்தான் என்ற விவரம் கிடையாது. ‘அறுத்துட்டுப் போயிட்டான்’ என்றால்தான் அது ஸ்னாட்ச். உடையவர் கண் முன்னால், அவர் உடம்பிலிருந்து, அவர் சுதாரிப்பதற்குள். அபேஸை ஸ்னாட்ச் என்று மொழிபெயர்த்தால் தப்பு. அதற்கு ஆங்கிலத்தில் பிக்பாக்கெட் இருக்கிறது.

இந்த வித்தியாசம் சும்மா சொல் விளையாட்டு இல்லை என்பது எனக்கு வீட்டிலேயே புரிந்தது. பல வருடங்களுக்கு முன் நங்கநல்லூரில் அம்மா விடியற்காலையில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பைக்கில் வந்த இருவர் கழுத்துச் சங்கிலியை இழுத்தார்கள். அம்மா ஒரு கையால் பிடித்துக்கொண்டதில் பாதி அறுந்து அவளிடம் தங்கியது, மீதி போயிற்று. புகார் கொடுக்கப் போன காவல் நிலையத்தில் எழுதுகிறவர் ‘நகை தொலைந்துவிட்டது’ என்று ஆரம்பித்தார். அம்மா கழுத்தில் இருந்த சிவந்த கோட்டைக் காட்டி, “தொலைக்கல சார், அறுத்துட்டுப் போனான். எழுதறதை ஒழுங்கா எழுதுங்க” என்றாள். அரை மணி நேரம் அந்த ஒரு சொல்லுக்காகத்தான் வாக்குவாதம். தொலைந்தால் குற்றவாளி கிடையாது, வழக்கும் கிடையாது. பறிக்கப்பட்டால் இரண்டும் உண்டு. என்னைவிட நல்ல மொழிபெயர்ப்பாளர் அம்மா.

சட்டத்திலும் இந்தச் சொல் தாமதமாகத்தான் வந்தது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் ‘ஸ்னாட்ச்சிங்’ என்று தனிக் குற்றம் கிடையாது. செயின் பறித்தவன்மீது திருட்டுக்கான 379-ஆவது பிரிவைப் போடலாம், ஒருவர் அணிந்திருக்கும் அல்லது வைத்திருக்கும் பொருளைத் திருட பலவந்தம் செய்ததற்கான 356-ஐப் போடலாம், காயமோ பயமுறுத்தலோ இருந்தால் கொள்ளைக்கான 392-ஐப் போடலாம். அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில்தான் 304-ஆவது பிரிவு, பெயர் சொல்லியே, நாடு முழுமைக்குமாக ஸ்னாட்ச்சிங் என்ற குற்றத்தைக் கொண்டுவந்தது. திருடுவதற்காக ஒருவரிடமிருந்தோ அவர் வசத்திலிருந்தோ ஓர் அசையும் பொருளைத் திடீரென்று, அல்லது விரைவாக, அல்லது பலவந்தமாகப் பற்றி எடுத்தால் அது ஸ்னாட்ச்சிங். மூன்று ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம். அந்த இரண்டு ‘அல்லது’க்களைக் கவனியுங்கள். பலவந்தம் இருந்தே ஆக வேண்டும் என்றில்லை, திடீரென்று எடுத்தாலே போதும். காகத்துக்கும் நரிக்கும் நான் சொன்ன வித்தியாசத்தைச் சட்டமும் ஒப்புக்கொள்கிறது. இழுத்த இழுப்பில் கழுத்து அறுபட்டால் விஷயம் கொள்ளைக்கான 309-ஆவது பிரிவுக்குப் போகும், அதில் பத்து ஆண்டு வரை கடுங்காவல், சூரியன் மறைந்து உதிப்பதற்குள் நெடுஞ்சாலையில் நடந்தால் பதினான்கு ஆண்டு வரை.

‘வழிப்பறி’ என்று நாம் சொல்வதில் வேகத்தைவிட இடம்தான் முக்கியம், அது வழியில் நடப்பது. இதற்கு ரொம்பப் பழைய சொல் ஒன்று உண்டு: ஆறலைத்தல். ஆறு என்றால் வழி, அலைத்தல் என்றால் வருத்துதல். பாலை யாழின் இசையைக் கேட்டு ஆறலை கள்வர் கையிலிருந்த ஆயுதத்தை நழுவவிட்டார்கள் என்று பொருநராற்றுப்படை சொல்கிறது. திருமுருகன்பூண்டியில் பொருளைப் பறிகொடுத்த சுந்தரர், வேடர் ஆறலைக்கும் இந்த இடத்தில் உனக்கு என்ன வேலை என்று சிவனையே கேட்டுப் பதிகம் பாடினார். சிவனே தன் பூதங்களை வேடராக அனுப்பிப் பறித்தார் என்பது தல வரலாறு. போலீஸ் புகாரில் கடவுளின் பெயரைச் சேர்க்க அந்தக் காலத்தில் வசதி இருந்திருக்கிறது.

சரி, திருட்டை விடுவோம். விளையாட்டுப் பக்கத்தில் ‘தோல்வியின் தாடையிலிருந்து வெற்றியை ஸ்னாட்ச் செய்தார்கள்’ என்று ஆங்கிலத்தில் அடிக்கடி வரும். தயவுசெய்து தாடையை அப்படியே தமிழுக்குக் கொண்டுவர வேண்டாம். ‘கைக்கு எட்டிய வெற்றியைத் தட்டிப் பறித்தார்கள்’ என்று நமக்கு அழகாகவே இருக்கிறது. ‘தட்டி’ என்ற அந்த ஒரு சொல்லில் கணமும் இருக்கிறது, அடியும் இருக்கிறது. சேப்பாக்கத்தில் 1999 ஜனவரி 31 அன்று நடந்தது இதற்குக் கச்சிதமான உதாரணம். பாகிஸ்தானுக்கு எதிராக 271 ஓட்டம் தேவை. முதுகுவலியோடு 136 அடித்த சச்சின் ஆட்டமிழக்கும்போது ஸ்கோர் 254. இன்னும் 17தான் வேண்டும், மூன்று விக்கெட் கையில். 258-க்கு எல்லாம் முடிந்தது, 12 ஓட்டத்தில் தோல்வி. பாகிஸ்தான் பக்கம் நின்று எழுதினால் வெற்றியைத் தட்டிப் பறித்தார்கள். நம் பக்கம் நின்று எழுதினால் ஆங்கிலத்தில் அதையே திருப்பிப் போட்டுக் கிண்டலாகச் சொல்வார்கள்: வெற்றியின் வாயிலிருந்து தோல்வியை ஸ்னாட்ச் செய்தோம் என்று. இந்தக் கிண்டலைத் தமிழில் ‘பறி’ தாங்காது. ‘ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை வேலை மெனக்கெட்டுத் தோற்றோம்’ என்றுதான் நான் எழுதுவேன். அன்றைக்குச் சேப்பாக்கம் ஜெயித்தவர்களை எழுந்து நின்று கைதட்டி அனுப்பியது. பறிகொடுத்தவர்களே கைதட்டிய பறிப்பு அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்து.

கிரிக்கெட்டிலேயே இன்னொன்று உண்டு. கேட்ச் வரும்போது கை பதறி, பந்து வருவதற்குள் முந்திக்கொண்டு அதைப் பிடிக்கப் போய்த் தவறவிட்டால், அவர் பந்தை ‘ஸ்னாட்ச் அட்’ செய்தார் என்பார்கள். ‘அட்’ என்ற அந்தக் குட்டிச் சொல் சேர்ந்தால் காரியம் நடந்ததாக அர்த்தம் இல்லை, முயற்சி மட்டும்தான். பையை ஸ்னாட்ச் செய்தான் என்றால் பை போயிற்று. பையை ‘ஸ்னாட்ச் அட்’ செய்தான் என்றால் பறிக்கப் பார்த்தான், பை பத்திரமாக இருக்கலாம். ஒரு வாக்குமூலத்தில் இந்த ‘அட்’டைக் கவனிக்காமல் ‘பறித்தான்’ என்று எழுதி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது உண்டு. இன்னொரு பொறி: ‘என் பை ஸ்னாட்ச் செய்யப்பட்டது’ சரி. ‘நான் ஸ்னாட்ச் செய்யப்பட்டேன்’ என்றால் உங்களையே கடத்திக்கொண்டு போய்விட்டார்கள் என்று அர்த்தம். குழந்தைக் கடத்தலைச் சொல்ல இந்தச் சொல் இப்படி வரும். இறந்தகாலத்தில் ‘கேட்ச்’ போல உருமாறாது, ‘ஸ்னாட்ச்ட்’தான்.

இப்போது உங்கள் இரண்டாவது வாக்கியம், ரயில் தூக்கம். இங்கே யாருடைய பொருளையும் யாரும் எடுக்கவில்லை. வேலை நெருக்கடியின் கையிலிருந்து ஒரு மணி நேரத்தைப் பிடுங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். தமிழில் இதற்குக் ‘கோழித்தூக்கம் போட்டார்’ என்பதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. ‘கிடைத்த இடைவெளியில் கண்ணயர்ந்தார்’ என்றும் எழுதலாம். சாப்பாடு என்றால் ‘அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்’. நம் டிஃபன் கடைகளில் பரோட்டாவுக்கும் பஜ்ஜிக்கும் பொதுவாக எழுதி வைத்திருக்கும் ‘ஸ்னாக்ஸ்’ இந்தச் சொல்லுக்குப் பங்காளி. நாய் லபக்கென்று கவ்வுவதைக் குறித்த பழைய டச்சுச் சொல்லின் வழியில் வந்தது ஸ்னாக். ஸ்னாட்ச்சும் அதே குடும்பம் என்கிறார்கள் சொல்லாராய்ச்சிக்காரர்கள். ஒன்று கடிப்பதாகி, பிறகு தின்பண்டமாகிவிட்டது. மற்றொன்று இன்னும் பாய்ந்து கவ்விக்கொண்டே இருக்கிறது.

மூன்றாவது, பாட்டு. வினை பெயராக மாறும்போது எடுப்பது உதிர்ந்துபோய் அந்தக் கணம் மட்டும் மிஞ்சுகிறது. காற்று கொண்டுவந்து போட்ட ஒரு துண்டு, அவ்வளவே. மார்கழியில் மயிலாப்பூரில் சபா வாசலைக் கடந்து போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம். கதவு திறக்கும்போது ஒரு கீற்று கல்யாணி, மூடியதும் ஆட்டோ ஹாரன். அந்தக் கீற்றுதான் ஸ்னாட்ச். அதனால் ‘பழைய பாட்டு ஒன்று விட்டு விட்டுக் கேட்டது’ என்று எழுதுங்கள். பேச்சு என்றால் ‘அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காதில் விழுந்தது’. ‘பாட்டின் துணுக்குகள் மிதந்து வந்தன’ என்று எழுதக் கை பரபரக்கும், அடக்கிக்கொள்ளுங்கள். துணுக்கு என்றால் நம்மவர்களுக்கு வாரப் பத்திரிகையின் நகைச்சுவைப் பக்கம்தான் ஞாபகம் வரும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், செய்தி மொழிபெயர்க்கும்போது நிச்சயம் மாட்டும். பளுதூக்குதலில் ஸ்னாட்ச் என்பது ஒரு முறையின் பெயர். தரையில் கிடக்கும் கம்பியை எங்கும் நிறுத்தாமல் ஒரே வீச்சில் தலைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். மற்றொரு முறையான கிளீன் அண்ட் ஜெர்க்கில் தோளில் நிறுத்தி, மூச்சு வாங்கி, அப்புறம் தூக்கலாம். அதனால்தான் ஸ்னாட்ச்சில் தூக்கும் எடை எப்போதும் குறைவாக இருக்கும். டோக்கியோவில் மீராபாய் சானு வெள்ளி வென்றபோது ஸ்னாட்ச்சில் 87 கிலோ, மற்றதில் 115, மொத்தம் 202. வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம் வாங்கியது 149-ம் 179-ம் சேர்த்து 328 கிலோ தூக்கி. இங்கேயும் பாருங்கள், யாரிடமிருந்தும் எதையும் பறிக்கவில்லை. நிறுத்த நேரம் கிடையாது என்பதுதான் பெயருக்குக் காரணம். இதைத் தமிழ்ப்படுத்தப் போய் ‘பறிப்பு முறை’ என்று எழுதிவிடாதீர்கள், விளையாட்டுப் பக்கத்து ஆட்கள் சிரிப்பார்கள். ‘ஸ்னாட்ச்’ என்றே விடுவது வழக்கம்.

என் நேரக் கணக்குக்கு அடங்காத ஒன்றும் உண்டு, மறைக்க விரும்பவில்லை: ‘பாடி ஸ்னாட்ச்சர்’. பிரிட்டனில் மருத்துவக் கல்லூரிகளுக்கு அறுத்துப் பார்க்கப் பிணம் போதாமல் இருந்த காலத்தில், புதைத்த உடலை இரவில் தோண்டி எடுத்து விற்றவர்களுக்கு அந்தப் பெயர். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் தோண்டும் சிரமம்கூட வேண்டாம் என்று பதினாறு பேரைக் கொன்றே விற்றார்கள். 1828-இல் பிடிபட்டார்கள். 1832-இல் உடற்கூறு ஆய்வுக்கு உடல்களை முறையாகப் பெற வழிசெய்யும் சட்டம் வந்தது. மண்ணைத் தோண்டுவதில் என்ன திடீர் வேண்டிக் கிடக்கிறது? நிதானமான, வியர்வை சிந்தும் வேலை அது. எடுத்துப்போகும் அநியாயம் மட்டும்தான் அந்தப் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘பிணத்திருடர்’ என்று எழுதுங்கள், பறிப்பு வேண்டாம்.

காசிமேட்டுப் பக்கம் போனால் இன்னொரு ஸ்னாட்ச்சை எதிர்பார்க்கலாம், ‘ஸ்னாட்ச் பிளாக்’. பக்கவாட்டில் திறக்கும் கப்பி அது. கயிற்றின் நுனியைத் தேடிக் கோக்காமல் நடுவிலேயே மாட்டிவிடலாம். இன்ஸ்டாகிராமில் இடுப்போ முகவெட்டோ ‘ஸ்னாட்ச்ட்’ என்று போட்டிருந்தால் சிக்கென்று, எடுப்பாக இருக்கிறது என்ற பாராட்டு, திருட்டுக் கிடையாது. ஆனால் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசும்போது இது பெயர்ச்சொல்லாக வந்தால் எச்சரிக்கை. அது அந்தரங்க உறுப்பைக் குறிக்கும் மட்டமான கொச்சை. அறியாமல் நீங்கள் ஆங்கிலத்தில் எழுதிவிட்டால் படிப்பவர் முகம் சுளிப்பார்.

மரணத்துக்கும் இந்தச் சொல் வரும். ‘காலன் கவர்ந்து சென்றான்’ என்பது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களில் தேய்ந்தே போய்விட்டது என்றாலும் அர்த்தம் சரிதான். கடல் என்றால் மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். 2004 டிசம்பர் 26 காலை மெரினாவில் என்ன நடந்தது என்று பட்டினப்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் ‘கடல் வாரிக்கிட்டுப் போச்சு’ என்பார்களே தவிரப் பறித்தது என்று சொல்ல மாட்டார்கள். பறிக்க விரல் வேண்டும்.

கடைசியாக, உங்கள் கதாநாயகியின் கை. அகராதி கைவிடும் இடம் இதுதான். தன் பொருளைத் தானே எப்படிப் பறிப்பது? கையை யாரோ பிடித்திருக்கிறார் அல்லது சூடான எதையோ தொட்டிருக்கிறாள். அந்தப் பிடியிலிருந்து ஒரு கணத்தில் மீட்டுக்கொள்கிறாள். எனவே முந்தைய வாக்கியத்தைப் பாருங்கள். யாராவது பிடித்திருந்தால் ‘கையை வெடுக்கென்று உருவிக்கொண்டாள்’. சுட்டிருந்தால் ‘சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள்’. அந்த ‘கொண்டாள்’ முக்கியம், செயல் தன் பக்கம் திரும்புகிறது என்பதை அது சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அதற்கு ‘அவே’ என்று தனியாக ஒன்றை ஒட்ட வேண்டியிருக்கிறது. பிடித்திருப்பவர் அவளுடைய காதலனாக இருந்தால் ‘உதறினாள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் கோபமாக இருக்கிறாளா, வெட்கத்தில் இருக்கிறாளா என்று நீங்களே முடிவு செய்ததாகிவிடும், கதாசிரியர் இன்னும் முடிவு செய்யாத நேரத்தில்.